கொல்லைப்புற வீட்டுக்கு 30 ஆயிரம் டாலர் கட்டணமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், சாக்ரமென்டோவுக்குப் பக்கத்தில், 2,100 சதுர அடியுள்ள சொந்த வீட்டில் வசிக்கிறோம். மதுரையிலிருந்து வந்து எங்களோடு தங்கவிருக்கும் என் பெற்றோருக்காகக் கொல்லைப்புறத்தில் 840 சதுர அடியில் ஒரு தனி வீடு, அதாவது ஏடியு, கட்ட இருக்கிறோம். வரைபடத்தைச் சரிபார்க்கும் கட்டணம் போக, சாலைப் போக்குவரத்துக்கு 9,600 டாலர், பூங்காவுக்கு 7,200, தீயணைப்பு நிலையம், நூலகம் போன்ற பொது வசதிகளுக்கு 3,100, மழைநீர் வடிகாலுக்கு 1,500, கழிவுநீர்க் கொள்ளளவுக்கு 4,300, பள்ளி மாவட்டத்துக்கு 4,343 என்று மொத்தம் 30,043 டாலருக்கு நகராட்சி ஒரு மதிப்பீட்டுத் தாள் அனுப்பியிருக்கிறது, நகலை இணைத்துள்ளேன். ஆண்டுதோறும் சொத்து வரி கட்டுகிறோமே, இது எதற்கு? அப்பா, அம்மா இருவருமே கார் ஓட்டுவதில்லை. அவர்களுக்குப் போக்குவரத்துக் கட்டணம் எப்படிப் பொருந்தும்? இத்தகைய கட்டணங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறார் ஒரு நண்பர். மதுரையில் வீடு கட்டியபோது அப்பா செய்ததுபோல் கேட்ட பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவதா, அல்லது எதிர்த்துப் பேச வழி உண்டா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

தாளின் நகலைப் பார்த்தவுடன் கண்ணில் பட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். போக்குவரத்து, பூங்கா, பொது வசதி, வடிகால் ஆகிய நான்கு இனங்களும் சேர்ந்து 21,400 டாலர் வருகின்றன. அந்த நான்குக்கும் எதிரே ‘ஒற்றைக் குடும்பத் தனி வீடு, அலகு ஒன்றுக்கு’ என்ற வீதமே போடப்பட்டிருக்கிறது. அதாவது, காலி மனையில் புதிதாக எழும் ஒரு முழு வீட்டுக்கு என்ன வாங்குவார்களோ, அதையே உங்கள் பெற்றோரின் சிறு வீட்டுக்கும் போட்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 2019இல் நிறைவேறி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. 13 என்ற சட்டத்தின்படி, 750 சதுர அடிக்குக் குறைந்த ஏடியு எதற்கும் உள்ளாட்சி அமைப்பு தாக்கக் கட்டணம், அதாவது புதிய வீட்டால் தேவைப்படும் பொதுக் கட்டுமானத்துக்கென்று வாங்கும், பேச்சு வழக்கில் நாம் ‘இம்பாக்ட் ஃபீ’ என்பது, விதிக்கவே கூடாது. அதற்குப் பெரிய வீடாக இருந்தால், மனையிலுள்ள மூல வீட்டின் பரப்போடு ஒப்பிட்டு, அதே விகிதத்தில்தான் விதிக்கலாம். உங்கள் மூல வீடு 2,100 சதுர அடி, புது வீடு 840 சதுர அடி. ஆகவே விகிதம் 40 விழுக்காடு. 21,400 டாலரில் 40 விழுக்காடு என்பது 8,560 டாலர். மீதி 12,840 டாலரை உங்களிடம் கேட்பதற்கு நகராட்சிக்கு உரிமையில்லை.

இதில் வஞ்சகம் எதுவும் இருப்பதாக நினைக்க வேண்டாம். கட்டண அட்டவணைகளைத் தயாரிக்கும் பக்கத்திலிருந்து பல ஆண்டுகள் வேலை பார்த்த நகரமைப்புப் பொறியாளன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தவரை, இத்தகைய பிழைகள் பெரும்பாலும் பழைய அட்டவணையில் ஏடியுவுக்கென்று தனி வரிசை இல்லாததால் வருகின்றன. கவுன்ட்டரில் இருப்பவர் கணினியில் இருக்கும் வகைகளில் நெருங்கி வருவதைத் தேர்ந்தெடுக்கிறார்; தொகை தானாக விழுகிறது; மனுதாரர் கேட்காவிட்டால் அதுவே ரசீதாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே, சண்டை பிடிக்கும் தொனி இல்லாமல், மூல வீட்டின் பரப்பையும் புது வீட்டின் பரப்பையும் குறித்து, விகிதக் கணக்கில் திருத்திய தாள் வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசினாலும் பிறகு எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, பரப்பையே குறைப்பது பற்றி. வரைபடத்தை 740 சதுர அடிக்குக் கொண்டுவந்தால் அந்த நான்கு கட்டணங்களும் அறவே இல்லாமல் போகும். இங்கே அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் விட்டுக்கொடுக்கும் 100 சதுர அடி என்பது பத்துக்குப் பத்து அளவுள்ள ஓர் அறை. 21,400 டாலர் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு அந்த அறையை வெட்டாதீர்கள். திருத்திய கணக்கின்படி மிச்சமாவது 8,560 டாலரும், அந்த 100 சதுர அடியைக் கட்டும் செலவும்தான். முழங்கால் வலி உள்ள ஒருவர் நடைவண்டியோடு திரும்பக்கூடிய அகலத்தில் குளியலறை வேண்டும், இரவில் ஒருவர் இருமினால் இன்னொருவர் தூங்க இரண்டாவது படுக்கையறை வேண்டும் என்றெல்லாம் யோசித்துத்தான் 840 என்ற அளவுக்கு வந்திருப்பீர்கள். 740 சதுர அடியிலும் இரண்டு படுக்கையறைகளை அமைக்கலாம், ஆனால் கூடம் சிறுத்துவிடும். கட்டட வடிவமைப்பாளரிடம் இரண்டு அளவுக்கும் வரைபடம் கேட்டு, பெற்றோரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள். கட்டணத்துக்கு அஞ்சி வீட்டின் அளவை முடிவு செய்வது எனக்கு உவப்பானதல்ல என்றாலும், 750 என்ற வரம்பு இருக்கும்வரை அதைக் கணக்கில் எடுக்காமல் இருக்கவும் முடியாது.

கழிவுநீர்க் கொள்ளளவுக் கட்டணமும் பள்ளிக் கட்டணமும் வேறு இனங்கள்; மேலே சொன்ன விலக்கு அவற்றைத் தொடாது. புதிதாகத் தனியே கட்டும் ஏடியுவுக்குக் கழிவுநீர், குடிநீர்க் கொள்ளளவுக் கட்டணம் வாங்கலாம். ஆனால் அதுவும் வீட்டின் பரப்பையோ, அதிலுள்ள குழாய், கழிப்பறை முதலிய சாதனங்களின் எண்ணிக்கையை வைத்துப் போடும் அலகையோ அடிப்படையாகக் கொண்டு, குழாய்க் கட்டமைப்பின்மேல் ஏறும் சுமைக்கு ஈடாக இருக்க வேண்டும். உங்களிடம் கேட்ட 4,300 டாலர் இந்த இரண்டில் எந்தக் கணக்கில் வந்தது என்று கேளுங்கள். ஏற்கெனவே நிற்கும் காரேஜை உள்ளுக்குள்ளேயே மாற்றிக் கட்டியிருந்தால், பொதுவாக இந்தக் கட்டணமே எழுந்திருக்காது. பள்ளி மாவட்டம் 500 சதுர அடிக்கு மேற்பட்ட ஏடியுவுக்குக் கட்டணம் வாங்கலாம்; வாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. தாளில் உள்ள தொகை, மாநிலம் 2024இல் வகுத்த உச்ச வீதமான சதுர அடிக்கு 5.17 டாலரை 840ஆல் பெருக்கி வந்தது. இந்த வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. உங்கள் மாவட்டத்தின் நடப்பு வீதத்தையும், ஏடியுவுக்கு அது ஏதேனும் சலுகை தருகிறதா என்பதையும் நகராட்சியிடம் கேட்காமல் பள்ளி மாவட்ட அலுவலகத்திலேயே கேளுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. சொத்து வரி கட்டும்போது இது எதற்கு என்று கேட்பது முற்றிலும் நியாயமானது. அதற்கு ஊர்க்கணக்கிலிருந்துதான் பதில் சொல்ல முடியும். 1978 ஜூன் மாதம் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு, சொத்து வரியின் அடிப்படை வீதத்தை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள் கட்டிப்போட்டது. வீடு கைமாறாதவரை அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக் கூடாது என்றும் விதித்தது. குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கென்று உள்ளூரில் வரி போட வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்து வந்தது. இதன் விளைவு உங்கள் தெருவிலேயே தெரியும். 1985இல் வீடு வாங்கிய பக்கத்து வீட்டுப் பெரியவர், உங்கள் வீட்டைப் போன்ற அதே வீட்டுக்கு, நீங்கள் கட்டுவதில் சிறு பங்கையே கட்டுவார். புதிய சாலை, புதிய பூங்கா, புதிய தீயணைப்பு நிலையம் ஆகியவற்றுக்கு அந்த வரியில் பணம் மிஞ்சுவதில்லை. எனவே நகராட்சிகளும், மாவட்ட அளவிலான உள்ளாட்சிகளான கவுண்டிகளும், வளர்ச்சியால் வரும் செலவை வளர்ச்சியே ஏற்கட்டும் என்று, புதிதாகக் கட்டுபவர்களிடம் முன்கூட்டியே வாங்கத் தொடங்கின. சொத்து வரி ஆண்டாண்டாக ஊரை நடத்துவதற்கு. தாக்கக் கட்டணம், புதிய வீடுகளால் தேவைப்படும் கட்டுமானத்துக்கு ஒரே முறை வாங்கும் பங்குத்தொகை. ஏடியு கட்டுவதால் உங்கள் மூல வீட்டின் வரி மதிப்பு புதிதாகக் கணக்கிடப்படாது என்பதையும், புதுக் கட்டடத்தின் மதிப்பு மட்டுமே அதனோடு கூட்டப்படும் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு பக்கம் உடன்பாடும் மறுபக்கம் ஆழ்ந்த வருத்தமும் உண்டு. கட்டணமே இல்லாவிட்டால், புதுக் குடியிருப்பு எதுவும் வேண்டாம், எங்கள் சாலை தாங்காது என்று பழைய குடிகள் மறிப்பதற்கு வலுவான காரணம் கிடைத்துவிடும்; கட்டணம் அந்த வாயை ஓரளவு அடைக்கிறது. ஆனால் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் நகர மன்றத்தில் வரும் இரவில், அதைக் கடைசியில் சுமக்கப்போகும் குடும்பம் அந்த ஊரிலேயே இருக்காது. வேறு ஊரில் வாடகை வீட்டில் இருக்கும். அதற்கு அங்கே ஓட்டும் இல்லை, பேச ஆளும் இல்லை. ஓட்டு உள்ளவர்களுக்கோ செலவு இல்லை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்திலுள்ள டெர்னர் மையம் 2018இல் மாநிலத்தின் ஏழு நகரங்களை எடுத்து ஆராய்ந்தபோது, புது வீட்டின்மேல் விழும் எல்லா வகைக் கட்டணங்களும் சேர்ந்து, ஊருக்கு ஊர் வேறுபட்டு, அங்குள்ள வீடுகளின் இடைநிலை விலையில் 6 முதல் 18 விழுக்காடு வரை எட்டியதைக் கண்டது. இவ்வளவு பெரிய தொகை, தேர்தலில் யாருக்கும் வலிக்காத இடத்திலிருந்து வசூலாகும்போது, அதன் கணக்கை யாராவது ஒருவர் வரிக்கு வரி பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் கேள்வி கேட்பது உங்கள் 12,840 டாலருக்காக மட்டுமல்ல என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

கணக்கைப் பார்ப்பது எப்படி என்று சற்று விரிவாகவே சொல்கிறேன். மதுரையில் உங்கள் அப்பா வரிசையில் நின்று பணம் கட்டிவிட்டு வந்ததைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் மேம்பாட்டுக் கட்டணத்துக்கும் உட்கட்டமைப்பு, வசதிக் கட்டணத்துக்கும் வரம்பு வகுப்பது மாநிலச் சட்டமும் விதிகளும். கவுன்ட்டரில் அதைப் பற்றிப் பேச எதுவுமில்லை. இங்கே ஒவ்வொரு ஊரும் தன் வீதத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. அதனால், வகுத்த வழியை எழுதிக் காட்டும் கடமையும் அந்த ஊருக்கே இருக்கிறது. 1987இல் நிறைவேறிய, ‘மிட்டிகேஷன் ஃபீ ஆக்ட்’ என்று இன்று அழைக்கப்படும் சட்டம், கட்டணம் எதற்கு, எந்தக் கட்டுமானத்துக்குச் செலவாகும், அந்தக் கட்டுமானத்துக்கும் இந்த வகைக் கட்டடத்துக்கும் என்ன தொடர்பு, தொகை எப்படி நியாயமானது என்ற கேள்விகளுக்கு நகராட்சி விடை வைத்திருக்க வேண்டும் என்கிறது. அந்த விடைகள் இருக்கும் அறிக்கைதான் ‘நெக்ஸஸ் ஸ்டடி’. கட்டண அட்டவணையையும் இத்தகைய அறிக்கைகளையும் நகராட்சி தன் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்று 2019இன் ஏ.பி. 1483 என்ற சட்டம் கட்டளையிட்டுள்ளது. உங்கள் ஊரின் அறிக்கையை இறக்கிப் படியுங்கள்; நூறு பக்கம் இருந்தாலும் பார்க்க வேண்டியவை சில அட்டவணைகள்தான்.

போக்குவரத்துப் பகுதியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன்; எண்கள் என் கற்பனை. ஒரு சந்திப்பை அகலப்படுத்திச் சிக்னல் போட 1 கோடி டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சந்திப்பு இன்றைக்கே நெரிசலாக இருந்தால், அந்த நெரிசலைத் தீர்க்கும் பங்கைப் புதியவர்கள்மேல் சுமத்தக் கூடாது. ஏற்கெனவே உள்ள குறையின் செலவைக் கட்டணத்தில் சேர்க்கக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஊருக்குள் நிற்காமல் கடந்துபோகும் வண்டிகளின் பங்கையும் தனியே பிரிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் 60 இலட்சம் போனால், மிச்சம் 40 இலட்சம். அடுத்த இருபது ஆண்டில் வரவிருக்கும் புதுக் கட்டடங்களால் மாலை நெரிசல் மணி நேரத்தில் கூடுதலாக 4,000 பயணங்கள் எழும் என்று மதிப்பிட்டால், பயணம் ஒன்றுக்கு 1,000 டாலர். பொறியாளர்கள் பயன்படுத்தும் பொதுக் கையேட்டின்படி ஒரு தனி வீட்டிலிருந்து அந்த மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு பயணம் எழும். ஆக, வீட்டுக்கு இந்தச் சந்திப்பின் பங்கு ஏறத்தாழ 1,000 டாலர். உங்கள் ஊரின் அறிக்கையில் பழைய நெரிசலுக்கு எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்ற அட்டவணையைத் தேடுங்கள். கழிவு எதுவுமே இல்லை என்றால், அங்கேதான் கேள்வி இருக்கிறது. அறிக்கை எந்த ஆண்டுடையது என்றும் பாருங்கள். 2021இல் வந்த ஏ.பி. 602, எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அறிக்கையைப் புதுப்பிக்க வேண்டும் என்றும், 2022 ஜூலைக்குப் பிறகு தயாராகும் அறிக்கைகள், வேறு வழியே பொருத்தம் என்று காரணம் காட்டினாலொழிய, வீட்டுக் கட்டணத்தைச் சதுர அடிக் கணக்கில் வகுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை வைத்தால் 800 சதுர அடி வீடும் 4,000 சதுர அடி மாளிகையும் ஒன்றையே கட்டும். சிறு வீடு கட்டுபவரைத் தண்டிக்கும் அந்த முறையை மாற்றியது மாநிலம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

உங்கள் பெற்றோர் கார் ஓட்டுவதில்லை என்ற வாதத்துக்கு வருகிறேன். மனத்தளவில் அது எனக்குப் புரிகிறது; ஆனால் கட்டணம் இன்று குடியிருப்பவரைப் பார்த்து விதிக்கப்படுவதல்ல, கட்டடத்தின் வகையைப் பார்த்து விதிக்கப்படுவது. பத்து ஆண்டு கழித்து அந்த வீட்டில் ஒரு வாடகைக் குடும்பம் இரண்டு கார்களோடு இருக்கலாம். வீடு அதே வீடுதான். ஒவ்வொரு மனுதாரரின் வாழ்க்கைமுறையையும் விசாரித்துக் கட்டணம் போட நகராட்சியால் முடியாது, விசாரிப்பதும் நல்லதல்ல. எனினும், தனியாளின் நிலைமையைப் பார்க்க வேண்டுமா என்ற கேள்விதான் உங்கள் நண்பர் சொன்ன வழக்கின் மையம் என்பதால், அந்தத் தீர்ப்பு எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெளிவாக்க வேண்டும்.

எல் டொராடோ கவுண்டியில், உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத பிளேசர்வில்லில், ஜார்ஜ் ஷீட்ஸ் என்பவர் தன் மனையில் ஆலையில் தயாரித்த வீடு ஒன்றை வைக்க அனுமதி கேட்டார். கவுண்டி, தன் அட்டவணைப்படி, 23,420 டாலர் போக்குவரத்துத் தாக்கக் கட்டணம் கேட்டது. என் ஒரு வீட்டால் சாலைக்கு என்ன பாதிப்பு என்று தனியே கணக்கிடாமல் அட்டவணையைக் காட்டி வாங்கியது தவறு என்று அவர் ஆட்சேபத்தோடு பணத்தைக் கட்டிவிட்டு வழக்குத் தொடர்ந்தார். அனுமதிக்கு ஈடாக அரசு எதையாவது கேட்டால், கேட்பதற்கும் கட்டடத்தின் விளைவுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதை 1987இன் நோலன் வழக்கும், கேட்கும் அளவு அந்த விளைவுக்கு ஏறத்தாழ ஈடாக இருக்க வேண்டும் என்பதை 1994இன் டோலன் வழக்கும், நிலமாகக் கேட்டாலும் பணமாகக் கேட்டாலும் இதே விதிதான் என்பதை 2013இன் கூன்ட்ஸ் வழக்கும் நிலைநாட்டியிருந்தன. ஆனால் கலிஃபோர்னிய நீதிமன்றங்கள், உள்ளாட்சி மன்றம் சட்டமாக இயற்றி எல்லோருக்கும் பொதுவாக விதிக்கும் கட்டணத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது என்று விலக்களித்து வந்தன. 2024 ஏப்ரல் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீதிபதி ஏமி கோனி பேரட் எழுதிய ஒருமனதான தீர்ப்பில், அந்த விலக்கு அரசமைப்புச் சட்டத்தில் இல்லை என்று நீக்கியது.

தீர்ப்பு அவ்வளவுதான். தாக்கக் கட்டணங்கள் செல்லாது என்று அது சொல்லவில்லை. ஷீட்ஸ் கட்டிய 23,420 டாலர் அதிகம் என்றுகூடச் சொல்லவில்லை. வழக்கைக் கலிஃபோர்னிய நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. ஒரு வகைக் கட்டடங்கள் அனைத்துக்கும் சராசரி பார்த்து விதிக்கும் கட்டணத்தை, தனி மனைக்கு விதிப்பதைப் போல அத்தனை நுணுக்கமாக நிறுவ வேண்டுமா என்ற கேள்வியை, அதாவது உங்கள் பெற்றோர் விஷயத்தில் நீங்கள் கேட்கும் அதே கேள்வியை, அது முடிவு செய்யாமல் விட்டுவிட்டது. ஆகவே, ஷீட்ஸ் வழக்கைக் கவுன்ட்டரில் எடுத்துக்காட்டிப் பணம் கட்டாமல் வந்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். நகராட்சிகள் தங்கள் அறிக்கைகளைக் கவனத்தோடு எழுத வேண்டிய கட்டாயம் அந்தத் தீர்ப்பால் கூடியிருக்கிறது. உங்களுக்கு அதனால் கிடைக்கும் பயன் அதுதான். உங்கள் வலிமையான ஆயுதம் மாநிலத்தின் ஏடியு சட்டம். அதில் எண்ணே எழுதப்பட்டிருக்கிறது.

வசூலித்த பணம் செலவானதா என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. கட்டணத்தை நகராட்சி தன் பொது நிதியோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். நிதியாண்டு முடிந்த 180 நாட்களுக்குள் அந்தக் கணக்கின் வரவு செலவை வெளியிட வேண்டும். செலவாகாமல் கிடக்கும் பணத்தை எதற்காக வைத்திருக்கிறோம் என்று ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மன்றத்தில் காரணத்தோடு தீர்மானம் போட வேண்டும். போடாவிட்டால் திருப்பித் தர வேண்டும். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தென் கலிஃபோர்னியாவில் சான் கிளெமென்டே நகரம், மேட்டுப்பகுதியில் கட்டப்பட்ட புது வீடுகளிடம் 1989 முதல் கடற்கரை வாகன நிறுத்தத்துக்கென்று கட்டணம் வாங்கியது. ஆண்டுகள் உருண்டன, பணம் சேர்ந்தது, நிறுத்துமிடம் எழவில்லை. குடியிருப்போர் சிலர் வழக்குத் தொடர, 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஐந்தாண்டுத் தீர்மானத்தைச் சட்டம் கேட்கும் முறையில் நகரம் செய்யவில்லை என்று கண்டு, 1 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைத் திருப்பித் தர உத்தரவிட்டது. அப்படித் திரும்பும் பணம், முதலில் கட்டியவருக்கு அல்ல, அந்த நேரத்தில் வீட்டுக்கு உரிமையாளராக இருப்பவருக்கே போகும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரின் பூங்காக் கணக்கில் எத்தனை ஆண்டுப் பணம் தேங்கியிருக்கிறது என்று பார்க்க, ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் போதும். எந்தப் பூங்காவும் எழாமல் இருப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனால், நகர மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து கேளுங்கள். தமிழ்க் குடும்பங்கள் அந்த ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நிற்பதை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன், அது மாற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

முடிவாக, மின்னஞ்சலுக்குப் பிறகும் நகராட்சி திருத்த மறுத்தால் செய்ய வேண்டியவை. பணத்தைக் கட்டாமல் இழுத்தடிக்காதீர்கள். அனுமதி நிற்கும், ஒப்பந்தக்காரர் வேறு வேலைக்குப் போய்விடுவார். கலிஃபோர்னிய அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 66020ஆம் பிரிவு, முழுத் தொகையையும் ஆட்சேபத்தின் பேரில் கட்டிவிட்டு எதிர்க்க வழி தருகிறது. கட்டணம் விதிக்கும்போதே, தொகையையும் 90 நாள் கெடு தொடங்கிவிட்டதையும் தெரிவிக்கும் எழுத்து அறிவிப்பை நகராட்சி உங்களுக்குத் தர வேண்டும். அந்தத் தாளை, தேதி தெரியும்படி, பத்திரப்படுத்துங்கள். அந்த 90 நாட்களுக்குள், இன்ன தொகையை ஆட்சேபத்தோடு செலுத்தியுள்ளேன் என்ற வாசகத்தோடு, மூல வீட்டின் பரப்பு, புது வீட்டின் பரப்பு, 40 விழுக்காட்டுக் கணக்கு, நீங்கள் சார்ந்து நிற்கும் ஏடியு சட்டத்தின் விதி ஆகியவற்றை எழுதி நகர மன்றத்துக்குக் கடிதம் கொடுங்கள்; வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் பெறுங்கள். அதன் பிறகும் தீராவிட்டால், அறிவிப்பு கிடைத்ததிலிருந்து 180 நாட்களுக்குள் வழக்குத் தொடர வேண்டும். அந்தக் கட்டத்துக்கு வந்தால் நில வழக்குகளில் அனுபவமுள்ள வழக்கறிஞரைப் பாருங்கள், ஏனெனில் கழிவுநீர்க் கொள்ளளவுக் கட்டணத்தை எதிர்க்கும் விதிகள் வேறு. வழக்குக்கு முன்னால், மாநில வீட்டுவசதி, சமூக மேம்பாட்டுத் துறையின் ஏடியு பிரிவுக்கும் கடிதத்தின் நகலை அனுப்புங்கள்; ஏடியு சட்டத்துக்கு மாறாக நடக்கும் உள்ளாட்சிகளுக்கு எழுதிக் கேட்கும் அதிகாரம் அதற்கு உண்டு. இவ்வளவையும் செய்தால் அனுமதி கிடைக்காமல் பழிவாங்குவார்களோ என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். ஆட்சேபத்தோடு கட்டினார் என்பதைக் காரணமாக வைத்து அனுமதியை நிறுத்திவைக்கக் கூடாது என்று அதே 66020ஆம் பிரிவு தடுத்திருக்கிறது.